அஞ்சு மணிக்கு வந்தவன்

ஞாயிறு பூசை முடிந்தது. பாண்டி ரயில் நிலையம் பக்கத்து திரு இருதய பசிலிக்கா வாசலில் ஒரு புது கார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஃபாதர் மந்திரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தம்பியுடையது. "அண்ணே, வாங்க, போட்டோ எடுத்துக்கலாம்" என்றான். சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

பிரசங்கமும் மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம்தான், இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதை. மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்கு வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம், அதாவது முழு நாள் கூலி. விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசின கூலியில் ஒரு காசு குறையவில்லை, ஆனாலும் முணுமுணுக்கிறான். (பகலெல்லாம் வெயிலில் கிடந்தவன், பாவம். அவன் பக்கம்தான் எனக்கு எப்போதும் இரக்கம்.) ஆனால் எனக்குப் பேசின கூலியில் ஆண்டவர் எதைக் குறைத்தார்? யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

சரி என்று போய் நின்றேன். தீர்த்தம் என் சட்டையிலும் தெறித்தது.