நாவில் இனித்துச் சிறுநீரில் கழியும் சர்க்கரை

அப்பாவுக்கு நீரிழிவு என்று உறுதியான நாளிலிருந்து, சீனிக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் நன்கு படித்துப் பார்க்காமல் நான் அடுக்களைக்குள் விடுவதில்லை. அண்மையில் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து தந்தது அலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை. பார்வைக்குப் பொடித்த சீனியைப் போலவே இருந்தது. ஒரு சிட்டிகையை நாவில் வைத்தபோது இனிப்பு சற்றே குறைவாக, ஆனால் கசப்பு எதையும் விட்டுச் செல்லாமல் கரைந்தது. சீனியின் இனிப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் இதில் உண்டு.

பழங்களில் உள்ள சர்க்கரையான ஃபிரக்டோஸும் அலுலோஸும் ஒரே அணுக்களால் ஆனவை. மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது மட்டுமே வேறுபாடு. உலர் திராட்சையிலும் அத்திப்பழத்திலும் மிகச் சிறிதளவே கிடைக்கும் இந்தச் சர்க்கரையை நொதியின் உதவியால் பெருமளவில் தயாரிக்கும் வழியை, ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி 1990களில் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு அது கைக்குக் கிடைத்தது.

வளரும் எலிகளுக்கு இச்சர்க்கரை ஆற்றல் எதையும் தருவதில்லை என்று 2002இல் மட்சுவோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். குடலில் உறிஞ்சப்பட்டாலும் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுவதே காரணம். அப்படியானால் அது உடலில் எதையுமே செய்யாமல் கடந்து போகிறது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். அந்த எண்ணம் பிழையானது. தானாகவே பருமனும் நீரிழிவும் பெறும் ஓ.எல்.இ.டி.எஃப் என்னும் எலியினத்துக்குக் குடிநீரில் 5 சதவீதம் கலந்து கொடுத்தபோது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையான இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களும் காக்கப்பட்டன. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அடைபட்டிருக்கும் குளூக்கோகைனேஸ் நொதி வெளியே வந்து, இரத்தத்திலிருந்து வரும் குளூக்கோஸைப் பிடித்துக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகச் சேமிக்கத் துணை செய்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

என்னை மிகவும் ஈர்த்தது, இவாசாகி, யடா ஆகியோரின் குழு 2018இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு. வாய்வழி கொடுத்த அலுலோஸ் குடலில் பசியைத் தணிக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அந்தச் செய்தி வயிற்றுறுப்புகளை மூளையுடன் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குப் போய், உண்ணும் அளவைக் குறைக்கிறது. அந்த ஹார்மோனை உணரும் புரதமான ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளிலும், வேகஸ் நரம்பைத் துண்டித்தவற்றிலும் இவ்விளைவு தோன்றவில்லை என்பதால், வழி எதுவென்று ஐயமின்றித் தெரிந்தது. சுண்டெலி இரவில் உண்ணும் உயிர். கொழுப்புணவால் பருத்தவையோ பகலிலும் தின்றுகொண்டிருக்கும். பகலின் தொடக்கத்தில் அலுலோஸ் கொடுத்தபோது அந்த நேரங்கெட்ட உணவுப் பழக்கமே சீரடைந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உணவில் 3 சதவீதம் சேர்த்து ஓராண்டுக்கு மேல் வளர்த்த எலிகளில் கல்லீரலும் சிறுநீரகமும் எடை கூடின; திசுக்களில் நோய்க்குறி எதுவும் தென்படவில்லை. மிக அதிக அளவில் கொடுத்தபோது பெருங்குடலின் தொடக்கப் பையான பெருங்குடல் வாய் பெரிதானது.

அளவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 300 கிராம் எலி நாளொன்றுக்கு 20 கிராம் உணவு உண்டால், அதில் 5 சதவீதம் அலுலோஸ் என்று வைத்துக்கொண்டால் 1 கிராம். எடைக்கு எடை பார்த்தால் 60 கிலோ மனிதருக்கு 200 கிராம். விலங்கின் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாகச் செய்வதுபோல் எடைக்குப் பதில் உடற்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்து 30 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். கொரியாவில் நலமான இளைஞர்களிடம் நடந்த ஆய்வோ, ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.4 கிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் தொடங்குவதைக் கண்டது. 60 கிலோ மனிதருக்கு அது 24 கிராம். அப்பாவின் காபிக்கு நான் இப்போது போடுவது ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 4 கிராம். எலிகளில் கண்ட பலன் அதில் கிடைக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சீனி போடாத ஒரு காபி என்று மட்டுமே சொல்லிக் கொடுக்கிறேன்.