எழுபது வளைவு, ஒரே ஆறு: பஸ்ஸிலேயே ஒரு கொல்லிமலைப் பயணம்

கொல்லிமலைக்கு பைக்கில் போகிறேன், கார் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று இனி யார் சொன்னாலும் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: ஏன், பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்? நாமக்கல்லில் ஏறி உட்கார்ந்தால் மலை மேலே அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதியும் கிடைக்கிறது. பெட்ரோல் விற்கிற விலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த முறை அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இல்லை. ஐயாறு என்கிற ஆறு, மலை மேலே கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, மலையின் அந்தப் பக்கம் புளியஞ்சோலையில் வெளியே வருகிறது. அப்புறம் காவிரியில் சேர்கிறது. மேல் முனை நாமக்கல் மாவட்டம், கீழ் முனை திருச்சி மாவட்டம். இரண்டுக்கும் பஸ் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும், முடிந்தவரை நடக்க வேண்டும், பர்ஸ் தாங்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்துதான் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம், மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பலகைகளைப் பார்க்காதீர்கள். பாதி தாண்டியிருப்போம் என்று நிமிர்ந்தால் 22 என்று இருக்கும்.

எனக்குக் கிடைத்த சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஜன்னலோரம் என்று ஓடிப்போய்ப் பிடித்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தரையோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று கழன்றிருந்தது. இடப்பக்கம் திரும்பினால் சீட் வலப்பக்கம் நகரும், வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 70 வளைவுக்கும் நானும் சீட்டும் சேர்ந்தே ஆடினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பையைத் துழாவி அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்துகிட்டே வாங்க தம்பி, ஒன்னும் ஆகாது." பின் சீட்டில் ஒரு குழந்தைக்கு ஆகிவிட்டது. கண்டக்டர் ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்த கவர்க் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டார்.

ஆனால் அந்த டிரைவர்! வளைவு வரும் முன்பே ஹார்ன். வண்டியை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோய், ஸ்டியரிங்கை மொத்தமாக ஒடித்து, பஸ்ஸின் மூக்கு தடுப்புச் சுவரைத் தாண்டி அந்தரத்தில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் கியரைக் குறைத்து, பின் சக்கரம் உள்பக்க மண்ணை உரசாமல் மேலே ஏற்றுவார். எதிரே கார் வந்தால் இறங்குகிற வண்டிதான் பின்வாங்கி வழிவிட வேண்டும். வாடகைக் காரில் வந்த ஒருவருக்கு இது தெரியவில்லை. வளைவின் நடுவில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். கார் தானாகப் பின்னால் போனது. வாந்தி பயம் இருப்பவர்களுக்கு ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு மலைப்பாதை இருக்கிறது, அதில் வளைவு குறைவு. நான் 70-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சோளக்காட்டில் காற்று மாறிவிடுகிறது. கடைகளில் மலைவாழைத் தாரும் அன்னாசியும். பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிட்டார்கள். செம்மேட்டில், சங்க காலத்தில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரை மேல் சிலையாக நிற்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, புற்றில் இருந்த உடும்பு என்று ஐந்தையும் சாய்த்ததாகச் சங்கப் பாட்டு. ஆடி 17, 18-இல் அவருக்கு இங்கே அரசு விழா நடக்கும். அந்தச் சமயத்தில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது.

கோயிலுக்கு வெகு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். "கோயில் இன்னும் தூரம் சார்" என்றார் கண்டக்டர். நடக்கத்தான் வந்தேன் என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். இந்தப் பயணத்தில் உருப்படியான முடிவு இதுதான் என்பேன். சாலையின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. பச்சை மிளகு சரம் சரமாகத் தொங்கியது. அதன் நிழலில் காபிச் செடி. ஐப்பசி மழை விட்ட நேரம், காபிப் பழம் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது. பள்ளத்தில் படிப்படியாக வயல், நெல். இந்த மலையில் ஊராட்சிகளுக்கே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்றுதான் பெயர். ஒரு பெரிய கல் மேல் உட்கார்ந்திருந்த அம்மா, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வழி சொன்னார்.

வழியெல்லாம் மரவள்ளி. ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் இவை. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால் பணம் உடனே கைக்கு வருகிறது, யாரைக் குறை சொல்வது? சிறுதானியத்தை விடாமல் பிடித்து வைக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல வருடமாக வேலை செய்கிறது. செம்மேட்டில் ஒரு பாக்கெட் சாமை அரிசி வாங்கினேன். நகரத்தில் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்கிற விலையை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது படிகள். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கும்போது எல்லோரும் பாட்டுப் பாடுகிறார்கள். ஏறி வருகிறவர்கள் யாரும் பதில்கூடச் சொல்வதில்லை. படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் பாசி. குரங்குகள் உண்டு. கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கக் கட்டணம் உண்டு, மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்க விடமாட்டார்கள். அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஆகாய கங்கை சுமார் 300 அடி. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, கடைசித் திருப்பத்தில் அருவி கண்ணில் படும் முன்பே முகத்தில் வந்து அடிக்கிற சாரல். சட்டை நனைந்துவிட்டது, அருவியை இன்னும் பார்க்கவே இல்லை! கிட்டப் போனால் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. தண்ணீர் தலையில் விழுவதில்லை, தோளில் குத்துகிறது. படி இறங்க முடியாதவர்கள் மாசிலா அருவிக்குப் போகலாம், அங்கே கஷ்டமில்லை. நான் அங்கே போகவில்லை, முழங்கால் அனுமதிக்கவில்லை.

அந்த முழங்காலுக்கான மருந்து மேலேயே விற்கிறது: முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற கிழங்கு. பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் துண்டேதான். கடைக்கார அக்கா அந்த ரோமத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் பச்சைச் சதையைத் துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிக் கொதிக்க வைத்திருந்தார். மூட்டு வலி போய்விடும் என்று அடித்துச் சொன்னார். எனக்குப் போனதா என்று கேட்காதீர்கள், மூன்று டம்ளர் குடித்தேன். தொண்டையில் மலை மிளகின் காரம் இறங்கி நெஞ்சு வரை சுட்டது. நனைந்த சட்டையோடு குடிக்க இதைவிட நல்ல பானம் தமிழ்நாட்டில் இல்லை. சைவம்தான், பயப்பட வேண்டாம்.

அங்கேதான் ஆட்டோக்காரர் வந்தார். "கடைசி பஸ் போயிடுச்சுண்ணே. செம்மேடு 900 ரூபாய்." மணி நாலுகூட ஆகவில்லை. 900 ரூபாய் என்பது நான் பேசி வைத்திருந்த அறை வாடகையைவிட அதிகம். 500 என்றால் வருவீர்களா என்று கேட்டதற்கு, திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது, ரோடு சரியில்லை, இருட்டினால் மிருகம் வரும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். சூப் கடை அக்கா கரண்டியால் கிண்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "உக்காருங்க தம்பி, வரும்" என்றார். முக்கால் மணி நேரத்தில் வந்தது. ஏறும்போது ஆட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல், "இன்னைக்கு லேட்டா வந்திருக்குண்ணே" என்றார். எல்லா ஆட்டோக்காரரும் இப்படியில்லை, தெரியும். ஆனால் மலையில் பஸ் நேரத்தை ஆட்டோ ஸ்டாண்டில் கேட்காதீர்கள். டீக்கடையில் கேளுங்கள், இல்லையென்றால் வரும் வழியிலேயே கண்டக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு செம்மேட்டில் தங்கல். வார நாள் என்பதால் 700 ரூபாய்க்கு அறை, சனி ஞாயிறு என்றால் இரண்டு மடங்காம். வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு. இதெல்லாம் பரவாயில்லை. எனக்கு முன்பு அந்தத் தலையணை உறையில் தலை வைத்தவர் யாரோ தலைக்கு எண்ணெய் தேய்க்கிற பழக்கமுள்ளவர், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கையில் பணமாக வைத்திருங்கள். சிக்னல் வரும் போகும். சாப்பாட்டுக் கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்க, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவது சுகமாக இருக்காது.

ஐயாறு மேலிருந்து கீழே நேராக விழுந்துவிடுகிறது. பஸ்ஸில் போகிறவனுக்கு அந்த வசதி இல்லை. மறுபடி 70 வளைவு இறங்கி, நாமக்கல் வந்து, துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை. கிட்டத்தட்ட பாதி மலையைச் சுற்றினேன். புளியஞ்சோலையிலிருந்து அருவிக்குக் காட்டு வழியாகவே ஏறிவிடலாம் என்று பல பேர் சொல்வார்கள். பாதை இருக்கிறது, ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. திடீரென வெள்ளம் வருகிற பள்ளத்தாக்கு அது, வழி தவறினால் தேடி வர ஆள் இல்லை. நான் கேட்டபோது அனுமதி இல்லை என்றார்கள், சரி என்று பொது மக்கள் போகும் எல்லையோடு நிறுத்திக்கொண்டேன்.

அதுவரைக்குமே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. யானை உயரப் பாறைகள், நடுவில் இடுப்பளவுத் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் கணக்கு எண்ணலாம் போலத் தெளிவு. மேலே தோளில் குத்திய அதே தண்ணீர் இங்கே சத்தமில்லாமல் கால்விரலைச் சுற்றிக்கொண்டு போகிறது. குட்டி மீன்கள் குதிகாலைக் கடிக்கின்றன. கூட்டம் உட்காரும் இடத்தை விட்டுக் கொஞ்சம் மேலே நடந்தால் ஆள் சத்தம் அடங்கிவிடும்.

கூட்டம் உட்காரும் இடத்தைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. பாறை இடுக்கெல்லாம் பீர் பாட்டில், பாதி உடைந்தவை. வெறுங்காலோடு குழந்தைகள் இறங்குகிற தண்ணீர் அது. குடிக்கிறவர்கள் குடித்துத் தொலையட்டும், பாட்டிலைக் கல்லில் போட்டு உடைப்பதில் என்னதான் சுகமோ! செருப்பைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்குங்கள். பழைய ரப்பர் செருப்பு ஒன்று பையில் இருந்தால் நல்லது, ஷூ காயவே காயாது.

திரும்பும் பஸ் நேரத்தைப் புளியஞ்சோலையில் இறங்கும்போதே கேட்டுவிடுங்கள், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். மாலை பஸ்ஸுக்கு ஒரே கூட்டம், குளித்த ஈரத்தோடு ஊரே ஏறியது. துறையூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், சாமை அரிசிப் பையை ஒரு கையிலும் மேல்கம்பியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு.