தரையில் உட்கார்ந்து எழும்ப

2024 அக்டோபர் 14, திங்கள்

இன்று காலை எடை 84 கிலோ. உயரம் 165 செ.மீ. தொப்புளுக்கு நேராக நாடாவைச் சுற்றினால் 108 செ.மீ. நம்மூர் ஆண்களுக்கு இது 90-க்குள் இருக்க வேண்டும். வயது 66.

நில அளவைத் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கம் சங்கிலியோடு நான் நடக்காத வரப்பு குறைவு. 2016-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) ஒரு நாற்காலி, பேப்பர், கருப்பட்டிக் காபி. எட்டு வருஷத்தில் 15 கிலோ ஏறிவிட்டது.

எடை மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்து, மரத்தடியில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் என்னால் எழும்ப முடியவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன், இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். உடம்பு மண்ணை விட்டுக் கிளம்பவில்லை. தம்பி மகன்கள் இரண்டு பேர் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "பரவால்ல பெரியப்பா" என்றான் சின்னவன். ஆறு மாதமாக அந்த "பரவால்ல" மனசுக்குள்ளேயே கிடக்கிறது.

அடுத்த உத்திரம் 2025 ஏப்ரல் 11. அன்றைக்கு யாரும் தூக்காமல் நானே எழும்ப வேண்டும். இன்று முதல் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. காலையில் திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதியையும் ஒரு சுற்று.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

எடை 81. பார்க்கிறவர்கள் எல்லாரும் "மெலிஞ்சிட்டிய அண்ணாச்சி" என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதிரசம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் என் மனைவிக்கு மட்டும் திருப்தி இல்லை. "மூஞ்சி வாடிக் கிடக்கு, இது என்ன மெலிவு?" என்கிறாள்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் காபியோடு நடக்கக் கிளம்பினேன். வாகையடி முனை தாண்டும்போது கை நடுங்கியது. சட்டை முழுக்க வேர்வை. கண்ணுக்கு முன்னால் இருந்த கடைப் பலகையில் எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, நிறையச் சர்க்கரை போட்ட டீயை ஆற்றிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

டாக்டரிடம் போனேன். நான் சாப்பிடுகிற மாத்திரைகளில் கிளிமிபிரைடு ஒன்று. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்குமாம். சாப்பாட்டைக் குறைத்து, நடையைக் கூட்டினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். "சாப்பாட்டை மாத்துறதா இருந்தா முதல்ல எங்கிட்ட வந்து மாத்திரையை மாத்தியிருக்கணும்" என்று கோபப்பட்டார். கோபம் நியாயம். இதை வாசிக்கிற யாராவது சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், தயவுசெய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள். எடை குறையக் குறைய, அதே அளவு பிரஷர் மாத்திரையும் உடம்புக்குத் தேவைக்கு மேல் ஆகிவிடும், சட்டென்று எழும்பினால் கிறுகிறுப்பு வரும் என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எடை 79. ஒரு மாதத்தில் 5 கிலோ குறைந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பட்டினி கிடந்து குறைத்தால், போகிறதில் கால் பங்கு போலத் தசை போய்விடுமாம். அறுபதுக்கு மேல் தசை தானாகவே வருஷா வருஷம் தேய்கிறது. போன கொழுப்பு சீக்கிரம் திரும்பி வரும், போன தசை லேசில் திரும்பாது. "உங்களுக்குத் தரையில இருந்து எழும்பணும், அவ்வளவுதானே? அதுக்குத் தொடையில பலம் வேணும். நீங்க அதைத்தான் பட்டினி போட்டுக் கரைச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எழும்ப அக்டோபரைவிடக் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

டாக்டர் அனுப்பிய பிசியோதெரபி பெண்ணைப் பார்த்தேன். என் மகளைவிடச் சின்ன வயது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு, 30 செகண்டுல எத்தனை தடவை எழுந்து உட்கார முடியுதுன்னு பார்ப்போம்" என்றாள். 9 தடவை. என் வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனால் குறைவு.

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாற்காலியில் எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. மற்ற நாட்களில் நடை, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில், வாரத்துக்கு 150 நிமிடம். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் நடை மட்டும் தசையை வளர்க்காது என்று அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது. நடந்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

விடாத மழை. தாமிரபரணி ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடிக்கொண்டு போகிறது. நடை இல்லை. பட்டாசலில் (கூடத்தில்) விளக்கைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தேன்.

ஜிம்முக்கெல்லாம் போகவில்லை. இரண்டு மஞ்சப்பையில் மணல் நிரப்பி, தராசில் வைத்து பைக்கு 3 கிலோ ஆக்கியிருக்கிறேன். கைப்பிடி விரலை அறுத்தது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டேன், இப்போது நன்றாகப் பிடிக்க வருகிறது. பையைத் தொங்கவிட்டபடி நாற்காலியிலிருந்து எழும்ப வேண்டும். எழும்பும்போது மூச்சை விட வேண்டும், அடக்கினால் பிரஷர் ஏறும். 12 தடவை லேசாக வந்தால் ஒரு படி மணல் கூட. நேற்றுத்தான் முதல் படியைக் கூட்டினேன்.

எடை 79.5. அரைக் கிலோ கூடியிருக்கிறது. ஆனால் இடுப்பு 104. நாடா பொய் சொல்லாது, அது என் தொழில்.

2025 ஜனவரி 15, புதன்

நேற்றுப் பொங்கல். சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரு நாளைக்கு 75 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து, சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் 40 கூடத் தேறவில்லை. காலையில் தோசை, மத்தியானம் மலை மாதிரி சோறு, சாயங்காலம் முறுக்கு, எல்லாம் மாவுதான்.

இதற்காகப் பவுடர் வாங்க வேண்டியதில்லை. நடக்கிற இடத்தில் ஒருவர் டப்பாவோடு வந்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் இது என்று விற்கப் பார்த்தார். விலையைக் கேட்டேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். காணம் (கொள்ளு), தட்டப்பயறு, சிறுபயறு எல்லாம் நம் அடுக்களையில் இருக்கிறது. காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். சாயங்காலம் முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் சோறு பாதி, அந்த இடத்தில் கெட்டிப் பருப்பும் காய்கறியும், வாரத்தில் மூன்று நாள் சாளை (மத்தி) மீன். ராத்திரி ஏழு மணிக்கு முன்னால் சின்னச் சாப்பாடு, பட்டினி இல்லை. மாதம் ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் உண்டு, அதை விட்டுவிட்டு எதற்கு இந்த ஊரில் இருக்க வேண்டும்?

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது. ஒரு நாள் அவளைக் கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னேன். மூன்று தோசைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் சேர்த்து மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கரண்டிக்கு 120 கலோரி என்றால் 360. நான் ஒரு மணி நேரம் நடந்தாலும் அவ்வளவு எரியாது. இப்போது ஒரு கரண்டிதான். தோசை முறுகலாக இல்லை என்று நான் சொல்லவில்லை, அவள்தான் சொல்கிறாள்.

எடை 78.4.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாற்காலியில் 30 செகண்டில் 12 தடவை. எடை 77.6. இடது முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறையுமாம். குறுக்குத்துறைப் படித்துறையில் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று வாரமாக எடை 76.5-லேயே நிற்கிறது. மனசு சோர்ந்துபோனது உண்மை. ராத்திரிச் சாப்பாட்டை மறுபடியும் நிறுத்தலாமா என்றுகூடத் தோன்றியது. பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னேன். நாற்காலியை எடுத்து வைத்தாள். 14. "எடை மிஷினுக்கு இது தெரியாதுல்லய்யா" என்றாள்.

தரையிலிருந்து எழும்பவும் ஒரு முறை இருக்கிறது. நேராக எழும்பப் பார்ப்பதுதான் தப்பு. முதலில் ஒருபக்கமாகத் திரும்பி, இரண்டு கையும் முழங்காலும் தரையில் பட மண்டியிட வேண்டும். பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தை முழுசாக ஊன்ற வேண்டும். அந்தத் தொடையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு எழும்ப வேண்டும். பாயை விரித்து, பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு தினமும் ஐந்து தடவை செய்கிறேன். முதல் வாரம் கட்டிலைப் பிடித்தேன். இப்போது கட்டில் சும்மா நிற்கிறது.

சாயங்காலம் கீழ ரத வீதியில், இருட்டுக்கடையில் நின்று கால் கிலோ அல்வா வாங்கினேன். வீட்டில் ஐந்து பேர். என் பங்கு இரண்டு விரலால் எடுக்கிற அளவு. நெய் விரலிடுக்கில் வழிந்தது. மெதுவாகத் தின்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி, பங்குனி உத்திரம்

காலையில் எடை 76, இடுப்பு 98. 90-க்கு இன்னும் தூரம் இருக்கிறது, தொடர்ந்து செய்வேன்.

சாஸ்தா கோயிலில் அதே மரத்தடி. வெயில் கொளுத்துகிறது. போன வருஷம் எழும்ப முடியாமல் போனதை ஞாபகம் வைத்துத் தம்பி மனைவி எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், அவியல், சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி.

சாப்பிட்டு இலையை மடித்தேன். சின்னவன் எனக்கு எதிரில் பரிமாறிக்கொண்டிருந்தவன், சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். கையை நீட்டவில்லை, பக்கத்தில் நின்றான். நான் ஒருபக்கமாகத் திரும்பி மண்டியிட்டேன். முழங்காலில் மணல் குத்தியது. வலது காலை முன்னால் ஊன்றி, தொடையை அழுத்தினேன். பாதி உயரத்தில் ஒரு நொடி நின்றது. மூச்சை விட்டேன். எழும்பிவிட்டேன்.

வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சின்னவன் தட்டிவிட்டான். "கை கழுவ அந்தப் பக்கம் தண்ணி இருக்கு பெரியப்பா" என்றான்.