ரிப்போர்ட் வரும் வரைக்கும்

ஆகஸ்ட் 7

நாலாவது தோல் உரிக்கப் பட்டுப்புழு படுத்திருக்கிறது. மல்பெரித் தழை போடக்கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு வந்தேன். ஷெட்டில் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 8

எழுந்துவிட்டன. இனி ஒரு வாரம் ஓயாத தீனி. பிறந்ததிலிருந்து கூடு கட்டும்வரை ஒரு புழு தின்கிற தழையில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரு வாரத்தில்தான். தழை வெட்டப் போகாதீங்க என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருவதற்குள் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். டெஸ்ட்டுக்காகக் கழுத்தில் சதை எடுத்த இடம் வலிக்கிறதா என்றால் "இருக்குது" என்கிறார். இருக்குது என்றால் என்ன அர்த்தம்?

ராத்திரி களி கிண்டட்டுமா, அவரைக்கொட்டைக் குழம்பு இருக்கிறது என்றேன். கூழ் போதும் என்றார். களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்க வேண்டும். அதனால்தான் வேண்டாம் என்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 9

பாப்பா போன் செய்தாள். நாளைக்கு எங்கள் கல்யாண நாளாம். ஓசூரில் பெரிய ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு டேபிள் சொல்லி, பணமும் கட்டிவிட்டாளாம். அவளுக்கு ஷிப்ட், வரமாட்டாள். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் போங்கம்மா, திரும்ப வர்றதுக்குக் கார் சொல்லியிருக்கேன்." வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ராத்திரி

இப்போதுதான் வந்தோம். மணி பன்னிரண்டு. பக்கத்து வீட்டு அக்கா சாயந்திரத் தழையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முகூர்த்தப் பட்டைத்தான் கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ராயக்கோட்டை தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஓட்டலில் மேல்மாடி முழுக்கக் கண்ணாடி. சந்திரசூடேஸ்வரர் மலை விளக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதத் தேவையில்லை. டேபிளில் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தி. விசிறிபோல மடித்து வைத்திருந்த துணியைச் சப்ளை செய்யும் பையனே விரித்து மடியில் போட்டான். இவர் கூச்சத்தில் "தேங்ஸ்ங்க தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார்.

முதலில் பூசணிக்காய் சூப்பு. நல்ல சூடு, மிளகு வாசம், மேலே கோலம் போட்ட மாதிரி க்ரீம். நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி போகிறது. தொண்டை மேலே ஏறி இறங்குகிறது. அடுத்த கரண்டி. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் ஊறவைத்துத்தான் வாயில் வைத்தார். ஒரு தடவை மட்டும் நின்றது. கை சட்டைக் காலருக்குள் போய்க் கழுத்தைத் தொட்டுவிட்டு வந்தது. பிறகு இறங்கிவிட்டது. கிண்ணம் காலி. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு கிண்ணத்தைக் காலி செய்திருக்கிறார்!

நிமிர்ந்து, "என்ன அப்படிப் பாக்கற" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "நானும் உன்னத்தான் பாத்துட்டிருக்கேன். நீ சாப்புட்டு நான் பாத்ததே இல்ல" என்றார்.

உண்மைதான். வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு ஓடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இலை. எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவ்வளவு நேரம் சாப்பிட்டது இன்றைக்குத்தான். பெரிய தட்டில் கொஞ்சூண்டு வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறார்களே, அது நல்ல வழக்கம். அவசரப்பட முடியாது.

தன் அப்பா முதல் முதலில் மல்பெரிக் குச்சி நட்ட கதையை இவர் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான், நிறுத்தாமல் கேட்டேன். வெண்பட்டுக் கூடு ஒன்றைப் பிரித்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இழை வரும் என்று அந்தப் பையனிடமும் சொன்னார். பையன் வாயைப் பிளந்தான். ரிப்போர்ட் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பாப்பா கட்டிய பணம் எவ்வளவு என்று தெரியவில்லை. எவ்வளவாக இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். இன்னும் வரவில்லையாம்.

ஆகஸ்ட் 13

ஓட்டல் பையன் எடுத்துக் கொடுத்த போட்டோவைப் பாப்பாவுக்கு அனுப்பினேன். "அப்பா ஏன் இளைச்சிருக்காரு?" என்று கேட்கிறாள். புழு வேலைடி என்று எழுதினேன். போட்டோவைப் பெரிதாக்கிக் கழுத்தைப் பார்த்தேன். மேல் பட்டன் போட்டிருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பார்த்தேன்.

சாப்பிட்டது: காலை கஞ்சி. மத்தியானம் ரசஞ்சாதம், பாதி.

ஆகஸ்ட் 15

புழு பழுத்துவிட்டது. உடம்பு கண்ணாடியாகி, தலையைத் தூக்கித் தூக்கி இடம் தேடுகிறது. கூடு கட்ட நெட்ரிக்கா, அந்தப் பிளாஸ்டிக் வலை, விரித்தோம். பால் நோய் கண்ட புழு சிலது இருந்தது, பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டேன். இன்றைக்கு லீவு நாள், லேப் இல்லை. கூடு நன்றாக வந்தால் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு இவரே கொண்டுபோக வேண்டும் என்கிறார். நான் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

போன் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னார்கள். என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன், டாக்டர் நேரில் சொல்லுவார் என்றாள் அந்தப் பெண். வீட்டிலிருந்து இன்னும் ஒருத்தர் கூட வந்தால் நல்லது என்றாள். ஏன் நல்லது?

கூடு எடுத்த பிறகு பாப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் இவர். கூடு எடுக்க வெள்ளி ஆகிவிடும். அதுவரை என்னால் முடியாது. ஒன்பதரைக்கு அவளுக்கு ஷிப்ட் முடியும். இவர் ஷெட்டில் இருக்கும்போதே கூப்பிட்டுவிட வேண்டும்.