11 முட்டை, ஒரு சாக்கு

பிப்ரவரி 3

கருப்பியை இன்று சாயங்காலம் அடை வைத்தேன். 11 முட்டை. மூன்று நாளாக வெறும் கூடையில் உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டினால் உப்பிக்கொண்டு சீறுகிறது. தூக்கி வெளியே விட்டாலும் சுற்றி வந்து அதே மூலைதான். சரி, இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். முட்டை எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை. கழுவவில்லை. ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், அப்புறம் கிருமி நுண்துளை வழியாக நேரே உள்ளே போகும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். 21 நாள். காலண்டரில் 24க்கு வட்டம்.

பிப்ரவரி 5

பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து சாக்கைத் திருப்பிக் கொடுத்தார். கூண்டுவரை வந்து கருப்பியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 6

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் இறங்குகிறது. இன்று கூடவே நின்று பார்த்தேன், 18 நிமிஷம். இறங்கியதும் முதல் வேலையாக ஒரு எச்சம். மற்றக் கோழிகள் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போடுவதை இது அடக்கி வைத்து ஒரே தடவையில் போடுகிறது, நாற்றம் தாங்கவில்லை. அப்புறம் ஓட்டமாக ஓடித் தண்ணீர், அரக்கப்பரக்க நாலு வாய் தானியம், சாம்பல் குழியில் ஒரு புரளல். சேவல் பக்கத்தில் வந்தால் அடிக்கப் போகிறது. அதற்குள் முட்டையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு அப்படியே இருந்தது. ராத்திரி அதன் வயிற்றுக்கு அடியில் விரலை விட்டேன். நெஞ்சுப் பக்கம் இறகே இல்லை, வெறும் தோல், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி.

தம்பி போன் பண்ணவில்லை.

பிப்ரவரி 8

அக்கா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரவில்லை. "நாலு போச்சு கண்ணு" என்றார். "பச்சையும் வெள்ளையுமா தண்ணியா போவுது. ஒண்ணு கழுத்தை முறுக்கிட்டே கெடக்கு." எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆறாம் தேதி என்றார். அதாவது சாக்கு வந்த மறுநாள்.

அந்தச் சாக்கு அவர்கள் கூண்டுக்குள் விரித்துக் கிடந்த சாக்கு. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கி, தானியம் கொட்டி, கூண்டு ஓரமாக வைத்தேன்.

சாக்கை எரித்துவிட்டேன். தானியத்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். கூண்டு வாசலில் சுண்ணாம்பு போட்டேன். எனக்கென்று ஒரு ஜோடி செருப்பு, கூண்டுக்குள் மட்டும். இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் கை நடுங்கியது.

பிப்ரவரி 9

அக்கா வீட்டில் வந்திருப்பது வெள்ளைக்கழிச்சல். கிருமி உள்ளே போய் வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். பெரும்பாலும் 5, 6 நாளில் தெரிந்துவிடும். 5ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 20. காலண்டரில் அதற்கும் ஒரு வட்டம் போட்டேன், வேறு நிறத்தில்.

பிப்ரவரி 10

ஏழாம் நாள். ராத்திரி போன் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு கரும்புள்ளி, ஒன்றில் அது துள்ளியதைப் பார்த்தேன். இரண்டு கூமுட்டை, விளக்குப் போட்ட வெறும் அறை போல. எடுத்துவிட்டேன். 9.

காலையில் எச்சம் பார்த்தேன். பழுப்பு, மேலே வெள்ளைத் தொப்பி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11

தூக்கம் இல்லை, எழுதுகிறேன்.

தம்பி போகும்போது சொன்னது காதிலேயே இருக்கிறது. "மருந்து மாத்திரைன்னு எதையும் குடுக்காதக்கா. மண்ணுல மேயட்டும். அதுங்களாவே பாத்துக்கும்." நானும் தலையாட்டினேன். பல விஷயத்தில் அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. புழுவுக்கும் பேனுக்கும் நான் எதுவும் வாங்கியதில்லை. பேனுக்குச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்த குழி ஒன்று போதும், புரண்டு புரண்டு அதுகளே உதறிக்கொள்கின்றன. மேய்ச்சலை இடம் மாற்றி மாற்றி விடுகிறேன், கரையான் பிடித்துப் போடுகிறேன், முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துச் சுண்ணாம்புச் சத்துக்கு வைக்கிறேன். எடை ஏற்றுகிற தீவனம் ஒரு பிடி இங்கே நுழைந்தது கிடையாது.

ஆனால் இது பேன் இல்லை. வந்துவிட்டால் மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பு மருந்துச் சொட்டு விட்டால்தான் உண்டு. ஊரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு பயப்படுகிற நோய் இது. புத்தகத்தில் ராணிக்கெட் என்கிறார்கள், நியூகாசில் என்கிறார்கள், இரண்டும் 1920களில் இது பரவிய ஊர்களின் பெயர். நாம்தான் கண்ணால் பார்த்ததையே பெயராக வைத்திருக்கிறோம்.

காட்டுக்கோழிக்கு யார் சொட்டு விட்டார்கள் என்று கேட்பான். கேட்கட்டும். காட்டுக்கோழிகள் 12 சேர்ந்து ஒரே தட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. தினமும் ஒரே கம்பில் உட்கார்ந்து, கீழே விழுந்த எச்சத்தையே மறுநாள் மிதித்துக்கொண்டு மேய்வதில்லை. கூண்டு கட்டியவர்கள் நாம். சாக்கைக் கடன் கொடுத்து வாங்கியதும் நாம்தான், கோழி இல்லை.

சரி, இது அவன் கோழி. அதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 12

வேலிக் கம்பத்தில் காகம். வாயில் ஒரு வெள்ளை இறகு.

பிப்ரவரி 13

காலையில் மூச்சே நின்றுவிட்டது. கம்புக்கு அடியில் கருஞ்சாக்லேட் நிறத்தில், பசை மாதிரி ஒரு எச்சம். குச்சியால் கிளறிப் பார்த்து, நேற்று, முந்தாநாள், போன வாரம் எல்லாம் யோசித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இது நோய் இல்லை. பெருங்குடல் ஓரத்தில் இருக்கிற இரண்டு பைகளிலிருந்து தினம் ஒன்றிரண்டு தடவை இப்படித்தான் வரும். எத்தனை வருஷமாக மிதித்திருப்பேன். பார்த்ததே இல்லை.

இறந்த கோழிகளை அக்கா வீட்டு ஆள் வாய்க்காலில் போட்டுவிட்டாராம். ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள் என்று நேற்றே சொல்லியிருந்தேன். காகம் எங்கிருந்து இறகு எடுத்தது என்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 14

செவலை மூன்று நாளாக முட்டையிடவில்லை. முட்டை திடீரென்று நிற்பதும் ஒரு அறிகுறி.

பிப்ரவரி 15

சொட்டு மருந்து கிடைத்துவிட்டது. முதலில் போன கடையில் இல்லை, இரண்டாவதில் "12 கோழிக்கா?" என்று சிரித்தார்கள். குப்பி நூறு கோழிக்கு. சிறியது வருவதே இல்லையாம். பத்துக் கோழி வைத்திருப்பவர்கள் சொட்டு விடாமல் போவதற்குக் கொள்கை காரணம் இல்லை, இந்தக் குப்பிதான் காரணம் என்று தோன்றியது. பிளாஸ்கில் ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

இருட்டியதும் போனேன். கம்பில் உட்கார்ந்திருக்கும்போது கோழி ஒரு பொம்மை. ஒவ்வொன்றாகத் தூக்கி, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. அது கண் சிமிட்டி உள்ளே வாங்கிக்கொள்ளும்வரை பிடித்திருக்க வேண்டும். பெரிய சேவல் மட்டும் என் முழங்கையில் கீறியது. 11 முடிந்தது.

கருப்பிக்கு விடுவதா வேண்டாமா என்று கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தேன். எழுப்பினால் திரும்ப உட்காருமா? இன்னொன்றும் உறுத்தியது. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும். ஆனால் முட்டை ஏற்கெனவே இட்டாகிவிட்டது. இப்போது விட்டால் கருப்பிக்கு மட்டும்தான், குஞ்சுகளுக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் தூக்காமலே, உட்கார்ந்திருந்தபடியே, தலையை மட்டும் திருப்பி விட்டேன். சீறியது. எழுந்திருக்கவில்லை.

மிச்சக் கரைசலைக் கொதிக்கவைத்துக் கொட்டினேன். எண்பத்தெட்டுக் கோழிக்கானது.

இதில் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும். 5ஆம் தேதியே கிருமி உள்ளே போயிருந்தால் இன்று விட்ட சொட்டு எதையும் காப்பாற்றாது.

பிப்ரவரி 16

யாரும் தும்மவில்லை. நான்தான் தும்மினேன்.

பிப்ரவரி 17

பதினான்காம் நாள். வெளிச்சம் வைத்துப் பார்க்கக் கருப்பியைத் தூக்கினால் அடியில் 12 முட்டை! ஒன்பதுதானே. மூன்றில் பென்சில் குறி இல்லை. செவலை! திருட்டுக் கழுதை, கருப்பியோடு நெருக்கிக்கொண்டு அதே கூடையில் இட்டிருக்கிறது. முட்டை நிற்கவே இல்லை. தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன். குறி போடாமல் விட்டிருந்தால் எது எந்த நாளுடையது என்று தெரியாமல், மூன்று அரைகுறை முட்டைக்காக இது ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும்.

குறி போட்டதில் ஒன்று நின்றுவிட்டது. நரம்பு கலைந்து, ஓட்டைச் சுற்றி ஒரு ரத்த வளையம். 8.

பிப்ரவரி 18

அக்கா வீட்டில் இப்போது ஒன்றுகூட இல்லை. 19 இருந்தது.

பிப்ரவரி 20

இருபது.

ஒன்றும் இல்லை. இரண்டு தடவை எண்ணினேன். காலையில் 12, சாயங்காலம் 12.

பிப்ரவரி 21

ராத்திரி டார்ச்சோடு போனால் கருப்பியின் கூடையில் செல்லு. பகலில் கூடைப் பிரம்பின் இடுக்கில் ஒளிந்துகொண்டு, இருட்டினால் வந்து ரத்தம் குடிக்கிற சாதி. கையை வைத்துவிட்டு எடுத்தேன், புறங்கையில் மிளகாய் விதைபோல நாலைந்து ஊர்ந்தன, ஒன்றை நசுக்கினால் சிவப்பாக வந்தது. எழுந்திருக்காமல் 18 நாள் உட்கார்ந்திருக்கிறதே, கொண்டை வெளுத்திருப்பது இதனால்தானோ? இந்த நேரத்தில் கூடை மாற்றினால் முட்டையை விட்டுவிடும். சாம்பலைச் சலித்து அடியிலும் ஓரத்திலும் தூவினேன். நுண்ணிய தூள் செல்லின் மேல்தோலை உரசி உலர்த்திவிடும், மெதுவாகத்தான். குஞ்சு பொரித்ததும் கூடைக்குத் தீ.

இனி முட்டையைத் தொடப்போவதில்லை.

பிப்ரவரி 23

காதை வைத்துக் கேட்டேன். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். கருப்பி அடித்தொண்டையில் குர்ர் என்றது. திரும்ப உள்ளேயிருந்து கீச். இப்படியே நாலைந்து தடவை. நான் அங்கே இருப்பது இரண்டு பேருக்கும் அநாவசியம்.

பிப்ரவரி 24

ராத்திரிக்குள் 6. இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு தலை, அப்புறம் இன்னொன்று. ஈரம் காய்வதற்குள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை. தண்ணீர்கூட வைக்கவில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும், பின்னால் வருவதற்காகத் தாய் உட்கார்ந்திருக்க இதுதான் வசதி.

தம்பிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 25

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். சாகும். ஏழாவது விடிகாலையில் வந்திருக்கிறது, இறகுகூடக் காயவில்லை, கூடையின் குழிவில் எல்லாம் உருண்டு நடுவுக்கு வந்து, அதன் மேல் தாயும் ஆறும். தட்டையாக இருந்தது. கூடை அவ்வளவு குழிவாக இருந்திருக்கக் கூடாது, வைக்கோலை அகலமாகப் பரப்பியிருக்க வேண்டும். பழமொழி சொன்னவர் தட்டைத் தரையில் அடை வைத்திருப்பார்.

எட்டாவது முட்டை பேசவே இல்லை.

பிப்ரவரி 26

கூடைக்குத் தீ வைத்தாயிற்று. ஆறையும் கருப்பியையும் பஞ்சாரத்துக்கு மாற்றினேன். நொறுக்கிய கம்பு, ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர், விழுந்து முங்காமல் இருக்க. கருப்பி ஒரு மணியைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, டுக் டுக் என்று கூப்பிடுகிறது. ஆறும் ஓடி வருகின்றன. தான் தின்னவில்லை. இத்தனை நாள் பட்டினிக்குப் பிறகும்.

பிப்ரவரி 28

காகம். பஞ்சாரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கல்லெடுப்பதற்குள் கருப்பி ஒரு மாதிரிக் கத்தியது, ஆறும் மாயம். இறக்கைக்கடியில் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

மார்ச் 1

அக்கா வேலியோரம் நின்று குஞ்சுகளைப் பார்த்தார். "ரெண்டு குடுப்பியா கண்ணு, பின்னாடி?" என்றார். கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, நாள் விட்டு அப்புறம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ. அந்தச் சாக்கைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லவும் மாட்டேன்.

மார்ச் 3

ஏழாம் நாள். ஆறுக்கும் ஒவ்வொரு சொட்டு. இன்னொரு குப்பி, 94 மிச்சம். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று விரலில் அடிக்கிறது.

ராத்திரி தம்பி பேசினான்.

"எத்தனை பொரிச்சுதுக்கா?"

"ஆறு."

"கருப்பி நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்தில் கோழி செத்ததாமே என்றான். யார் சொன்னார்களோ. ஆமாம் என்றேன். நம்மளுது மட்டும் எப்படிக்கா தப்பிச்சுது, மண்ணுல மேய்ஞ்சதாலயா என்றான். லைன் சரியில்லை, நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 4

போன் அடித்தது. குஞ்சுகளை முதல் தடவையாகத் திறந்து விட்டிருந்தேன், கருப்பி வேலிப் பக்கம் கூட்டிப்போகிறது