செசில் ஸ்ட்ரீட்டில் ஒரு புளிப்புக் கடை

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலை பார்க்கிறவர்களிடம் மதியம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் லாவ் பா சாட், அமோய் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் உணவங்காடி நிலையம் என்று மூன்று இடத்தைச் சொல்லிவிட்டு மறுபடி ஃபோனுக்குள் போய்விடுவார்கள். சாப்பிட்டு முடித்து அந்த வெயிலில் ஆபீசுக்குத் திரும்பும்போது ஜில்லென்று ஏதாவது வேண்டும் என்றால் பபிள் டீயைத் தவிர வேறு பதில் யாரிடமும் கிடையாது. எனக்குப் பபிள் டீ பிடிக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

செசில் ஸ்ட்ரீட்டுக்கும் ராபின்சன் ரோட்டுக்கும் நடுவில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட மாதிரி சில பழைய அலுவலகக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. நான் சொல்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நடைவழி. ஃபோட்டோகாப்பி கடை, பேன்ட் நீளம் குறைத்துத் தருகிற தையல்காரர், சாவி வெட்டுகிறவர், ஒரு பணமாற்றுக் கடை. லிஃப்டைத் தாண்டி நடைவழி இடது பக்கம் திரும்பும், திரும்புகிற இடத்தில் கழிவறை என்று அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பார்த்ததும் அதற்கு மேல் அங்கே வேறொன்றும் இருக்காது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கடை. பலகையில் பெயர்கூடக் கிடையாது, ஃப்ரோசன் யோகர்ட், அதாவது உறைந்த தயிர், என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஒரு மெஷின், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ஆன்ட்டி. நாற்காலி இல்லை.

எனக்கு இதைக் காட்டியது பணமாற்றுக் கடை பாய். ஊருக்குப் பணம் அனுப்பப் போனபோது, "உள்ளே போய்ப் பாருங்கம்மா, நம்ம ஊர்த் தயிர் மாதிரியே புளிக்கும்" என்றார். அவரே சின்ன வயதில் சேஞ்ச் ஆலியில் உறவினர் கடையில் நின்றவராம். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து காலியர் கீ போகிற அந்தச் சந்து 1989இல் மூடப்பட்டது, பெயரை மட்டும் இப்போது ஏசி போட்ட ஒரு வணிக வளாகம் வைத்திருக்கிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தது பலருக்குத் தெரியும். நீளமான ஒரு கூடம், அதில் ஆளுக்குக் கொஞ்சம் தரை, ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டி, அவ்வளவுதான் ஒரு வட்டிக்கடை. இந்த வட்டாரத்தில் துளியூண்டு இடத்தில் பிழைப்பு நடத்துவது புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன். அப்போதைய கிட்டங்கிகளும் இல்லை, அந்தத் தெருவில் பிறகு வந்த கோல்டன் ஷூ கார் பார்க்கும் இல்லை, கார் பார்க் இருந்த இடத்தில் இப்போது கேபிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது.

சரி, தயிருக்கு வருவோம்.

எங்கள் டீமில் ஒரு அண்ணன் இருக்கிறார், தஞ்சாவூர்க்காரர். முதல் தடவை கூட்டிப்போனபோது ஒரு கப் ஐந்து வெள்ளி ஐம்பது காசு என்றதும் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, கெட்டித் தயிர்ல சக்கரையப் போட்டு ஃப்ரீசர்ல வெச்சா ஆச்சு, இதுக்கா இவ்வளவு காசு?" நியாயமான கேள்விதான். வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும், கரண்டி வளையும். தயிரில் பெரும்பகுதி தண்ணீர், அதை அசைக்காமல் உறைய வைத்தால் பெரிய பெரிய பனிக்கட்டியாகத்தான் கட்டும். மெஷினுக்குள் நடப்பது வேறு. குளிர்ந்த உருளைக்குள் கலவை போகிறது, உருளையின் சுவரை ஒட்டி மெல்லிசாக ஒரு ஏடு உறைகிறது, உள்ளே சுற்றுகிற அலகு அந்த ஏட்டை உடனுக்குடன் வழித்து எடுத்துக்கொண்டே இருக்கிறது, கூடவே காற்றையும் அடித்துக் கலக்குகிறது. அதனால் பனித்துகள் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். சர்க்கரைக்கும் இதில் வேலை உண்டு, அது இருந்தால்தான் தண்ணீரில் ஒரு பகுதி உறையாமல் நிற்கும், கப்பில் விழும்போது மைனஸ் ஆறு, ஏழு டிகிரியில் இருந்தும் குழைவாக இருக்கும். ஆகவே உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு தினமும் சாப்பிடுகிறவர்கள் (நானும்தான்) சர்க்கரையை மறந்துவிட வேண்டாம்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்போ காத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குறாங்க" என்றார். அதுவும் உண்மைதான்.

புளிப்புதான் விஷயம். இந்தப் பண்டம் அமெரிக்காவில் பிரபலமான காலத்தில் அதற்குப் புளிப்பே இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். 1981இல் ஆர்கன்சாவில் தொடங்கிய டிசிபிஒய் மாதிரி கடைகள் ஐஸ்கிரீமுக்குப் பதில் என்றுதான் விற்றன, இனிப்பாக, கொழுப்பு கம்மியாக. தயிர் தயிராகவே புளிக்கட்டும் என்று விட்ட அலை பிறகு வந்தது, 2002இல் கொரியாவில் ரெட் மேங்கோ, 2005இல் கலிஃபோர்னியாவில் பிங்க்பெர்ரி. சிங்கப்பூரில் பெரிய கூட்டம் சேர்த்தது ஸ்பெயினிலிருந்து வந்த லாவ்லாவ். 2017 டிசம்பரில் அதன் கிளைகள் திடீரென்று யோலே என்று பெயர் மாறியதும், ஆபீசில் எல்லோரும் மதியம் முழுக்க அதையே பேசியதும் நினைவிருக்கும். அப்புறம் லாவ்லாவும் திரும்பி வந்தது. இரண்டுமே பெரிய மால்களில் இருக்கின்றன, எனக்கு அவற்றின் மேல் குறையொன்றும் இல்லை. ஆனால் அவற்றை விட ஆன்ட்டியின் தயிர் ஒரு படி அதிகமாகப் புளிக்கும். பொடியைத் தண்ணீரில் கரைத்து மெஷினில் ஊற்றுவது சுலபம், புளிப்புக்கு அமிலம் சேர்த்தால் போதும். ஆன்ட்டி அடிப்படைக் கலவையோடு நிஜத் தயிரைப் பாதிக்குப் பாதி சேர்க்கிறார். டப்பாக்களைத் திறந்து கவிழ்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் போனதும் "சேம் ஆ?" என்பார். "சேம்" என்பேன். எங்கள் உரையாடல் பெரும்பாலும் அதோடு சரி. எனக்கு வெறும் தயிர், மேலே ஒன்றும் வேண்டாம். டாப்பிங் என்று ஏழெட்டு டப்பா வைத்திருக்கிறார், மாம்பழம் நன்றாக இருக்கும், லோங்கன் பரவாயில்லை, அந்தக் கலர் கலரான சர்க்கரை மணிகளை எந்த மனிதர் தயிரில் போடச் சொன்னாரோ தெரியவில்லை. மேலே எதுவும் போடாமல் தின்ன முடியாத ஃப்ரோசன் யோகர்ட்டை டாப்பிங் காப்பாற்றாது என்பது என் கட்சி.

இப்போது முக்கியமான சங்கதி. இப்படி ஒளிந்திருக்கிற கடையைக் கண்டுபிடித்தவர்கள் பொதுவாக வெளியே சொல்ல மாட்டார்கள், கூட்டம் வந்துவிடும் என்று பயம். இந்தக் கடைக்கு அது தலைகீழ். கூட்டம் இருந்தால்தான் ருசி.

மெஷினுக்குள் இருக்கிற தயிர் எடுக்க எடுக்க, மேலே தொட்டியிலிருந்து புதுக் கலவை இறங்கும். யாரும் வாங்காவிட்டால் உள்ளே இருப்பதே மறுபடி மறுபடி அடிபட்டுக்கொண்டிருக்கும். அடிக்க அடிக்கக் காற்று வெளியேறிவிடும், கொஞ்சம் உருகிக் கொஞ்சம் உறைந்து பனித்துகள் பெரிதாகும், நாக்கில் மணல் மாதிரி நெருடும். ஒரு மணிக்கு வரிசையில் நின்று வாங்குகிற கப்பும் நான்கு மணிக்கு ஆளில்லாத நேரத்தில் வாங்குகிற கப்பும் ஒரே மெஷின், ஒரே கலவை, ஆனால் ஒரே பண்டம் இல்லை. வரிசை இல்லாத கடையாகப் பார்த்துப் போகிற என் பழக்கம் இந்த ஒரு கடையில் செல்லுபடியாகாது.

அந்த வரிசைதான் இப்போது பிரச்சினை. வீட்டிலிருந்து வேலை வந்த பிறகு இந்த வட்டாரத்தில் வாரம் என்பது செவ்வாய், புதன், வியாழன் என்று சுருங்கிவிட்டது. திங்கள் பாதிக் கூட்டம், வெள்ளி அதிலும் பாதி. ஆன்ட்டிக்கு ஒரு நாளில் கிடைப்பதே மதியம் இரண்டு மணி நேரம், அதில் வாரத்துக்கு இரண்டு நாள் போனால் என்ன மிச்சம்? 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், பானமும் இனிப்பும் மட்டும் விற்கிற தனிக்கடைகளையும் மூடச் சொன்னபோது, அன்று இரவு பபிள் டீக் கடைகளில் நின்ற வரிசையைச் செய்தியில் காட்டினார்கள். இந்தக் கடைக்கு வரிசையும் இல்லை, செய்தியும் இல்லை. மெஷினைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டுப் போனேன் என்றார், நான் கேட்டதால் சொன்னார். பின்பக்கம், கழிவறைக்குப் பக்கம் என்பதால் வாடகை கம்மி, அதனால்தான் திரும்பத் திறக்க முடிந்தது என்றும் சொன்னார். தெருவைப் பார்த்த கடையாக இருந்திருந்தால் அப்போதே போயிருக்கும்.

ஒரு நாள் வேலை முடிய ஆறு மணி ஆகிவிட்டது, போனால் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். முன்தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்து முழங்கை நீளத்துக்கு அந்த அலகை வெளியே இழுத்தார், திருகாணி மாதிரி முறுக்கிய எஃகு, ஓரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தகடு. கறுப்பு ரப்பர் வளையங்களை நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் போட்டார். குழாயின் வாய்க்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியான ஒரு பிரஷ், அதை விட்டு ஆட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, திரும்பவும் விட்டார். வளையங்களை ஒரு டிஷ்யூவின் மேல் வரிசையாகக் காயப்போட்டார், சின்னதிலிருந்து பெரியது வரை. ஒரு மணி நேரம் ஆகும், தினமும் என்றார். பாலும் சர்க்கரையும் ஓடுகிற மெஷின், இதைச் செய்யாவிட்டால் புளிப்பு வேறு விதமாக வரும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சரி, காத்துக்கு இல்ல, கழுவுறதுக்குக் காசுன்னு வெச்சிக்கலாம்" என்றார். இப்போது அவரும் புதன்கிழமை வருகிறார், மாம்பழம் போட்டு.

போகிறவர்கள் பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போங்கள். கார்டு வாங்க மாட்டார், ரொக்கம் அல்லது பேநவ் (ஃபோனில் பணம் அனுப்புவது). சனி ஞாயிறு கட்டடமே பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை போனால் ஆபீசிலிருந்து நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், முதல் கப்பை யார் வாங்குவது என்பதை வழியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.