இலை வண்ண அட்டை

இன்று காலை நீடாமங்கலம் பக்கம் ஒரு சம்பா வயல். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், சம்பளம் எதுவும் வாங்காமல், எங்கள் சிறு விவசாயிகளுக்கு வாரா வாரம் வந்து சொல்லிக் கொடுக்கிறார். காலை எட்டு மணிக்கெல்லாம் வரப்பில் நிற்கிறார்.

பக்கத்து வயல் அக்கா, "பயிரு வெளுத்த மாதிரி இருக்கு சார், யூரியா போட்டுடவா?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. இலை எவ்வளவு பச்சை என்று ஒப்பிட்டுப் பார்க்க, எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையை அக்கா கையிலேயே கொடுத்தார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, நிழலில் இலையை வைத்துப் பார்க்கணும். மேலே நன்றாக விரிந்த இளம் இலை. பத்துக் குத்தில் பத்து இலை. ஆறு இலையாவது அளவுக்குக் கீழே இருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. அக்காவுடையது பொன்னி. இரண்டு இலைதான் 3-க்குக் கீழே.

"அப்ப இந்த வாரம் வேண்டாம்ல சார்?" அக்காவே சொல்லிவிட்டார்!

ஒற்றை நாற்றாக நடும் திருந்திய நெல் சாகுபடியும் இப்படித்தான், 1980களில் மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் உழவர்களோடு வயலில் நின்று கண்டது. நம் ஊரில் ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு காலை மட்டும் வாருங்கள் ஐயா. காபி எங்கள் வீட்டில்.